மூளையின் இரத்தக்குழாய் முடிச்சு: அறுவையில் இரத்த இழப்பு குறித்த வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து இம்முறை வந்த கடிதங்களில், ஏ.வி.எம். என்று மருத்துவர்கள் சுருக்கமாகக் குறிப்பிடும், மூளையின் இரத்தக்குழாய்கள் முடிச்சாகப் பின்னிக்கொள்ளும் கோளாறு பற்றியவை மிகுதி. தலையைத் திறந்தால் எவ்வளவு இரத்தம் போகும், அதைக் குறைக்க வழி உண்டா என்ற கவலை ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருந்ததால், இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன. பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: என் மகனுக்கு வயது 22. திடீரென வலிப்பு வந்ததால் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். மூளையில் நான்கு சென்டிமீட்டர் அளவுக்கு இரத்தக்குழாய்கள் பின்னிக் கிடப்பதாகவும், அறுவை செய்து எடுக்கலாம் என்றும் சொன்னார்கள். ஆறு யூனிட் இரத்தம் ஏற்பாடு செய்யச் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அவ்வளவு இரத்தமா போகும், டாக்டர் ஐயா? (ஒரு தாய், காவேரிப்பட்டணம்)

பதில்: அம்மா, ஆறு யூனிட் என்பது தங்கள் மகனிடமிருந்து போகப்போகும் இரத்தத்தின் அளவன்று. போனால் உடனே ஈடுசெய்வதற்காக இரத்த வங்கியில் ஒதுக்கி வைக்கப்படும் கையிருப்பு அது. பல அறுவைகளில் அதில் ஒரு பகுதியே செலவாகிறது, சிலவற்றில் ஒன்றுகூடத் தேவைப்படுவதில்லை. ஆனாலும் அந்தக் கையிருப்பு உறுதியாகாமல் எந்த அறுவை மருத்துவரும் இந்த வேலையைத் தொடங்கமாட்டார். அதற்கான காரணத்தைத் தாங்கள் தெரிந்துகொள்வது நல்லது.

இயல்பான மூளையில், இதயத்திலிருந்து தமனிகள் வழியாக அழுத்தத்தோடு வரும் இரத்தம், மயிரிழையினும் மெல்லிய தந்துகிகளுக்குள் பிரிந்து, அங்கே வேகமும் அழுத்தமும் தணிந்த பிறகே சிரைகளுக்குப் போய்ச் சேருகிறது. ஏ.வி.எம். உள்ள இடத்தில் நடுவே இருக்கவேண்டிய இந்தத் தந்துகிகள் இல்லை. தமனி நேராகச் சிரையில் இணைந்துவிடுவதால், தமனியின் முழு அழுத்தத்தையும் மெல்லிய சுவர் கொண்ட சிரை தாங்கவேண்டியிருக்கிறது. மூளைக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 750 மில்லி லிட்டர் இரத்தம் போகிறது என்பதையும், 60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் மொத்தமே நான்கு லிட்டரைச் சற்றுத் தாண்டிய இரத்தந்தான் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், முடிச்சு கிழிந்தால் நிலைமை எவ்வளவு விரைவில் மோசமாகும் என்பது விளங்கும். கையிலோ காலிலோ இரத்தம் பீறிட்டால் அழுத்திப் பிடித்து நிறுத்தலாம். மூளையை அப்படி அழுத்த முடியாது, அழுத்தினால் அந்த அழுத்தமே பேச்சையோ கைகால் அசைவையோ பறித்துவிடும்.

ஆகவே இந்த அறுவையில் இரத்த இழப்பைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வரிசைதான். முடிச்சுக்கு இரத்தம் கொண்டுவரும் தமனிகளை முதலில் ஒவ்வொன்றாக மூடவேண்டும், பிறகு முடிச்சைச் சுற்றிலும் மூளையிலிருந்து பிரிக்கவேண்டும், இரத்தத்தை வெளியேற்றும் முதன்மைச் சிரையை எல்லாம் முடிந்த பிறகே துண்டிக்கவேண்டும். கிருஷ்ணகிரி அணை வாய்க்காலில் நீர் பாய்ச்சும் தங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: வரத்து மடை திறந்திருக்கும்போது வடிகாலை அடைத்தால் வரப்பு உடையும். சிரையைத் தவறுதலாக முன்கூட்டியே மூடிவிட்டால், முடிச்சு சில நொடிகளிலேயே விம்மிப் பல இடங்களில் ஒரே நேரத்தில் பிளந்துகொள்ளக்கூடும்.

இதைச் சொல்வது எளிது. முடிச்சிலிருந்து வரும் சிரையிலும் தமனியின் செந்நிற இரத்தமே ஓடுவதால், நுண்ணோக்கியின் கீழ் எது தமனி, எது சிரை என்று பிரித்தறிவதே முதல் சிக்கல். அதனால்தான் எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகும் தொடை அல்லது மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோகிராம் எடுக்கச் சொல்கிறார்கள். எந்தக் குழாய் எந்தப் பக்கத்திலிருந்து நுழைகிறது, எது எங்கே வடிகிறது என்ற வரைபடத்தை அது தருகிறது. அறுவையின் நடுவே ஐயம் எழுந்தால், ஒரு குழாயைத் தற்காலிகக் கிளிப்பால் பிடித்துப் பார்ப்பார்கள், அல்லது இண்டோசயனின் கிரீன் என்னும் சாயத்தைச் சிரை ஊசி வழியாகச் செலுத்தி, நுண்ணோக்கியில் எந்தக் குழாய் முதலில் ஒளிர்கிறது என்று கவனிப்பார்கள். முதலில் ஒளிர்வது தமனி.

மிகுந்த பொறுமையைக் கேட்பது முடிச்சின் அடிப்பகுதி. அங்கே மூளையின் வெண்பொருளுக்குள்ளிருந்து வரும் நுண்ணிய குழாய்களின் சுவரில் தசை மிகக் குறைவு. சாதாரணக் குழாய்களை இரண்டு முனைகளுக்கிடையே மின்சூட்டால் சுருக்கி மூடும் பைபோலார் கருவி இவற்றில் சரியாகப் பிடிப்பதில்லை. குழாய் சுருங்குவதற்குப் பதிலாக அறுந்து உள்ளே இழுத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் கசியத் தொடங்கும். அங்கே பஞ்சை வைத்து அமுக்கிவிட்டு அடுத்த இடத்துக்குப் போவது ஆபத்தானது, ஏனெனில் இரத்தம் மேலே வராமல் உள்ளுக்குள்ளேயே தேங்கும். அந்தக் குழாயைப் பின்தொடர்ந்து, நல்ல சுவர் கிடைக்கும் இடம்வரை போய், மிகச்சிறிய கிளிப்பால் மூடுவதே முறை. இத்தகைய அறுவைகள் பல மணி நேரம் நீள்வதற்கு இதுதான் முக்கியக் காரணம். வெளியே காத்திருக்கும் உறவினர்கள் நேரம் நீள நீள ஏதோ தவறாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அது நிதானத்தின் அடையாளம்.

பலரும் கவனிக்காத இடம் தலையின் தோல். மூளையை அடையும் முன்பே, இரத்தவோட்டம் மிகுந்த உச்சந்தலைத் தோல் கணிசமான அளவு இரத்தத்தை இழக்கவைத்துவிடும். அட்ரினலின் கலந்த மரப்பு மருந்தை வெட்டும் கோட்டில் ஊசியாகச் செலுத்துவதும், தோலின் விளிம்புகளுக்குக் கிளிப்புகள் போடுவதும், எலும்பின் விளிம்பில் கசிவை மெழுகால் அடைப்பதும் அதைத் தடுக்கத்தான்.

மயக்க மருத்துவரின் பங்கும் சிறியதன்று. தலையை இதயத்தைவிடச் சற்று உயர்த்தி, கழுத்து முறுகாமல் வைத்தால் சிரைகளில் அழுத்தம் குறைந்து கசிவு குறையும். மணிக்கட்டுத் தமனியில் பொருத்திய மெல்லிய குழாய் மூலம் இரத்த அழுத்தத்தை ஒவ்வொரு துடிப்புக்கும் கண்காணித்து, தேவையான கட்டத்தில் அளவோடு குறைக்கிறார்கள். உடல் குளிர்ந்தால் இரத்தம் உறையும் திறன் குறையும் என்பதால் வெப்பத்தையும் காக்கிறார்கள்.

கேள்வி: அறுவைக்கு முன்னால் தொடை வழியாகக் குழாய் விட்டு, மூளையில் பசை போட்டு அடைப்பார்கள் என்று என் தம்பிக்குச் சொல்லியிருக்கிறார்கள். அடைத்துவிட்டால் பிறகு அறுவை எதற்கு? இரண்டு செலவு ஏன்? (பாலக்கோடு வாசகர்)

பதில்: எம்போலைசேஷன் எனப்படும் இந்த அடைப்புச் சிகிச்சையால் மட்டுமே முழுமையாகக் குணமாகும் முடிச்சுகள் குறைவு. ஒரு பகுதி அடைபட்டு மறுபகுதி திறந்திருந்தால், இரத்தக்கசிவின் ஆபத்து நீங்கியதாகக் கொள்ள முடியாது, நாளடைவில் பக்கத்துக் குழாய்களிலிருந்து புதிய வரத்தும் ஏற்படக்கூடும். ஆனால் அறுவைக்கு முன்தயாரிப்பாக அது மிகவும் பயன்படும், அதுவும் சரியான குழாய்களைத் தேர்ந்து அடைத்தால். மேற்பரப்பில் எளிதாகக் கைக்கு எட்டும் தமனியை அடைப்பதால் அறுவை மருத்துவருக்குப் பெரிய உதவி இல்லை. முடிச்சின் அடியிலும் மறுபுறத்திலும் ஒளிந்திருந்து, அறுவையின் கடைசிக் கட்டத்தில்தான் அடையக்கூடிய குழாய்களை முன்பே மூடிவைத்தால், இரத்த இழப்பு கண்கூடாகக் குறையும்.

இதற்குப் பயன்படும் பொருள்களில் ஒன்று, இரத்தத்தைத் தொட்டவுடன் சில நொடிகளில் இறுகும் பசை. இன்னொன்று ஆனிக்ஸ் என்ற பெயரில் வருவது. இது டி.எம்.எஸ்.ஓ. என்னும் கரைப்பானில் கரைத்த பாலிமர். எக்ஸ்ரேயில் தெரியவேண்டும் என்பதற்காக இதில் டான்டலம் என்ற உலோகத்தின் பொடி கலந்திருக்கும். மூளை ஏ.வி.எம். அறுவைக்கு முன் பயன்படுத்த 2005-இல் அமெரிக்காவில் இதற்கு ஒப்புதல் கிடைத்தது. சிகிச்சைக்குப் பிறகு ஓரிரு நாள் தங்கள் தம்பியின் மூச்சில் பூண்டு வாசனை போல வீசினால் கலவரப்பட வேண்டாம், அது அந்தக் கரைப்பானின் வாசனை.

இதிலும் ஆபத்து உண்டு. பசை முடிச்சைக் கடந்து சிரையில் போய் அடைத்தால், முந்தைய பதிலில் சொன்ன அதே விபத்து நேரும். பின்னோக்கி வழிந்து நல்ல தமனியை அடைத்தால் பக்கவாதம் வரலாம். பெரிய முடிச்சாக இருந்தால் ஒரே நாளில் எல்லாவற்றையும் அடைக்காமல், இடைவெளி விட்டுப் பல தடவைகளாகச் செய்வதற்கும் காரணம் உண்டு: இதுவரை முடிச்சு உறிஞ்சிக்கொண்டிருந்த இரத்தம் திடீரென அக்கம்பக்கத்து மூளைக்குத் திரும்பினால், பழக்கமில்லாத அந்தக் குழாய்கள் வீங்கி உடையலாம். சிறியதாகவும் மேற்பரப்பிலும் இருக்கும் முடிச்சுக்கு இந்த முன்சிகிச்சை பெரும்பாலும் தேவையில்லை, ஆகவே தங்கள் தம்பிக்கு எந்தக் குழாயை அடைக்கப்போகிறார்கள், அதனால் அறுவையில் என்ன எளிதாகும் என்று கேளுங்கள். செலவைப் பொறுத்தவரை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்ச ரூபாய் வரை இடமுண்டு. இரண்டு சிகிச்சைகளுக்கும் தனித்தனியாக முன்அனுமதி வேண்டுமா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: நான் செவிலியராகப் பணிபுரிகிறேன். பிரசவத்துக்குப் பின் வரும் இரத்தப்போக்குக்கு டிரானெக்சாமிக் அமில ஊசி போடுகிறோம். அதையே மூளை அறுவைக்கு முன் போட்டுவிட்டால் இரத்தம் போகாது அல்லவா? (ஓசூர் வாசகி)

பதில்: சகோதரி, இந்த மருந்தை ஜப்பானைச் சேர்ந்த ஒகமோட்டோ தம்பதியர் 1962-இல் உலகுக்கு அறிவித்தார்கள். இது இரத்தத்தை உறையவைப்பதில்லை. ஏற்கெனவே உருவான உறைவு கரைந்துபோகாமல் காக்கிறது. 21 நாடுகளில் ஏறத்தாழ 20,000 தாய்மார்களிடம் நடத்தி 2017-இல் வெளியான ஆய்வு, பிரசவ இரத்தப்போக்கால் நேரும் மரணத்தை, குறிப்பாக முதல் மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால், இம்மருந்து குறைப்பதைக் காட்டியது. தங்கள் மருத்துவமனையில் போடும் ஊசிக்கு அடிப்படை அதுதான்.

அதை அப்படியே மூளைக்குப் பொருத்திவிட முடியாது. மூளைத் தமனியில் ஏற்படும் வீக்கம் வெடித்து இரத்தம் கசிந்தவர்களுக்கு இம்மருந்தை விரைவாகக் கொடுத்துப் பார்த்த நெதர்லாந்து ஆய்வு 2021-இல் வெளியானது. நோயாளிகளின் இறுதி நிலையில் அது முன்னேற்றத்தைக் காட்டவில்லை. ஏ.வி.எம். அறுவை என்பது இவ்விரண்டிலும் சேராத வேறொரு சூழல். பரவலாகக் கசியும் இடங்களில், தோலிலும் எலும்பிலும் அறுத்த பரப்புகளிலும், இம்மருந்து துணை செய்யும். அழுத்தத்தோடு ஓடும் ஒரு குழாய் கிழிந்தால் அதைக் கிளிப்பு மட்டுமே நிறுத்தும், எந்த ஊசியும் நிறுத்தாது. தவிர, மிகுந்த அளவில் கொடுத்தால் இது வலிப்பைத் தூண்டக்கூடியது, ஏ.வி.எம். நோயாளிகளில் பலருக்கு ஏற்கெனவே வலிப்பு இருக்கிறது. சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு அளவைக் குறைக்கவேண்டும். சில மயக்க மருத்துவர்கள் இதைத் தருகிறார்கள், சிலர் தருவதில்லை. இரண்டுமே நியாயமான நிலைப்பாடுகள். தந்துவிட்டோம் என்ற தைரியத்தில் யாரும் அவசரப்படக்கூடாது என்பது மட்டுமே என் கருத்து.

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பதால் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டும் சாப்பிடுகிறார். வலிப்புக்கு வால்ப்ரோயேட். மூட்டுவலிக்கு நாட்டு மருந்தும் உண்டு. அறுவைக்கு முன் எதை நிறுத்துவது? (அரூர் வாசகி)

பதில்: தாங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், எதையும் மறைக்காதீர்கள். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களில் ஆஸ்பிரின் பாதித்தவை மாறிப் புதியவை வர ஏழு முதல் பத்து நாள் ஆகும், குளோபிடோக்ரெலுக்கு ஐந்து முதல் ஏழு நாள். ஆனால் ஸ்டென்ட் வைத்து எவ்வளவு காலமாயிற்று என்பதைப் பொறுத்து, இவற்றைத் திடீரென நிறுத்துவது மாரடைப்பில் முடியக்கூடும். ஆகவே இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் பேசி நாள் குறிக்கவேண்டும். வால்ப்ரோயேட் பற்றித் தாங்கள் கேட்டது நல்லதாயிற்று, ஏனெனில் பலரும் அதை இரத்தத்தோடு தொடர்புபடுத்துவதில்லை. அது சிலருக்குத் தட்டணுக்களின் எண்ணிக்கையையும் உறையும் திறனையும் குறைக்கும். நிறுத்தினால் வலிப்பு வரும், எனவே இரத்தப் பரிசோதனை செய்து, தேவையானால் வேறு மருந்துக்குப் படிப்படியாக மாற்றுவார்கள். நாட்டு மருந்தின் புட்டியைக் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத எதையும் அறுவைக்கு முன் சாப்பிடவேண்டாம்.

கேள்வி: எனக்கு ஹீமோகுளோபின் 8 தான் இருக்கிறதாம். முடிச்சு இதுவரை கசியவில்லை. தினமும் கேழ்வரகுக் களியும் கீரையும் சாப்பிடுகிறேன். இது போதுமா? (பென்னாகரம் வாசகி)

பதில்: களியும் கீரையும் நல்ல உணவு. ஆனால் 8-ஐச் சில வாரங்களில் 12-க்கு உயர்த்த அவற்றால் ஆகாது. இதுவரை கசியாத முடிச்சு என்பதால் தங்களுக்கு அவகாசம் இருக்கிறது, அந்த அவகாசத்தைப் பயன்படுத்துங்கள். இரும்புச்சத்துக் குறைவுதான் காரணமா என்று முதலில் உறுதிசெய்யவேண்டும். மாதவிடாய் மிகுதி, குடற்புழு, மரபுவழி இரத்தக் குறைபாடு ஆகியவற்றையும் பார்ப்பார்கள். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடும் காப்பியோடும் சேர்த்து விழுங்கினால் பெரும்பகுதி உடலில் சேராது. எலுமிச்சையோ நெல்லிக்காயோ துணைசெய்யும். நாள் குறைவாக இருந்தால் சிரை ஊசி வழியாகவே இரும்புச்சத்தை ஏற்றலாம். அறுவையில் ஒரே அளவு இரத்தம் போனாலும், 12-இல் தொடங்குபவருக்கு மாற்று இரத்தமே தேவைப்படாமல் போகலாம், 8-இல் தொடங்குபவருக்கு அது கட்டாயமாகிவிடும்.

கேள்வி: என் அக்கா மகனுக்கு நான்கு வயது, 15 கிலோ எடை. பெங்களூரில் அறுவை. இங்கிருந்து வேனில் உறவினர்கள் இருபது பேர் போய் அன்றைக்கே இரத்தம் கொடுக்கத் தயாராக இருக்கிறோம். பெற்றோரின் இரத்தம்தானே நல்லது? (தேன்கனிக்கோட்டை வாசகர்)

பதில்: தங்கள் குடும்பத்தின் ஒற்றுமை பாராட்டுக்குரியது, ஆனால் திட்டத்தை மாற்றிக்கொள்ளவேண்டும். எடுத்த இரத்தத்தை எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி மற்றும் சி, சிபிலிஸ், மலேரியா ஆகியவற்றுக்குப் பரிசோதிக்காமல் யாருக்கும் ஏற்ற முடியாது. எனவே அறுவை நாளன்று கொடுப்பது அந்தக் குழந்தைக்குப் பயன்படாது. சில நாள் முன்பே கொடுங்கள். குழந்தையின் பிரிவும் தங்கள் பிரிவும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை, வங்கி தன்னிடமுள்ள பொருத்தமான இரத்தத்தைக் குழந்தைக்கு ஒதுக்கும். 18 முதல் 65 வயதுக்குள், குறைந்தது 45 கிலோ எடையும் 12.5 ஹீமோகுளோபினும் உள்ளவர்களே வரட்டும். ஆண்கள் மூன்று மாதத்துக்குள்ளும் பெண்கள் நான்கு மாதத்துக்குள்ளும் ஏற்கெனவே கொடுத்திருந்தால் வரவேண்டாம். பணத்துக்கு இரத்தம் கொடுக்க ஆள் பிடித்துத் தருவதாக வளாகத்தில் யாராவது அணுகினால் விலகிப்போங்கள். உச்ச நீதிமன்றத்தின் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பையடுத்து 1998 முதல் அது சட்டவிரோதம்.

பெற்றோரின் இரத்தம் சிறந்தது என்ற எண்ணம் தவறு. நெருங்கிய உறவினரின் வெள்ளணுக்களைக் குழந்தையின் உடல் அந்நியமாக அடையாளம் காணத் தவறினால், அவை குழந்தையின் உடலையே தாக்கும் அரிதான, ஆனால் உயிரைப் பறிக்கும் விளைவு ஏற்படலாம். வேறு வழியில்லாமல் உறவினர் இரத்தத்தைப் பயன்படுத்தினால் அதைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தியே ஏற்றவேண்டும்.

15 கிலோ குழந்தையின் உடலில் மொத்தமாக ஒரு லிட்டரைச் சற்றுத் தாண்டிய இரத்தமே இருக்கிறது. 300 மில்லி லிட்டர் போனால் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போயிற்று என்று பொருள். பெரியவருக்குச் சாதாரணமான இழப்பு குழந்தைக்குப் பேரிழப்பு. ஆதலால் குழந்தைகளுக்கு இவ்வகை அறுவை செய்து பழக்கமுள்ள குழுவிடமே போவது நல்லது. அங்கே செல் சேவர் என்னும் கருவி உண்டா என்றும் கேளுங்கள். அறுவையில் சிந்தும் இரத்தத்தை உறிஞ்சி, உப்புநீரில் கழுவி, சிவப்பணுக்களை மட்டும் அதே நோயாளிக்குத் திருப்பித் தரும் கருவி அது. புற்றுநோய்க் கட்டிகளில், கட்டியின் அணுக்களும் சேர்ந்து உடலுக்குத் திரும்பிவிடுமோ என்று எழும் தயக்கம் ஏ.வி.எம்.-இல் இல்லை. உறைய உதவும் பொருள்கள் அதில் திரும்பி வராது என்பதால், இழப்பு மிகுதியானால் பிளாஸ்மாவும் தட்டணுக்களும் தனியாகத் தேவைப்படும்.

கேள்வி: இரத்தமே போகாத கதிர் சிகிச்சை இருக்கும்போது அறுவை எதற்கு? (ஊத்தங்கரை வாசகர்)

பதில்: சிலருக்கு அதுவே சரியானது. மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவான, ஆழத்தில் உள்ள முடிச்சுகளுக்குக் காமா நைஃப் போன்ற கதிர் சிகிச்சை நன்றாகப் பயன்படுகிறது. ஆனால் முடிச்சு மூடிக்கொள்ள இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும், அதுவரை கசியும் ஆபத்து தொடரும். சிகிச்சை செய்யாத ஏ.வி.எம். கசியும் வாய்ப்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 2 முதல் 4 விழுக்காடு, ஏற்கெனவே கசிந்திருந்தால் அதிகம்.

அறுவையின் ஆபத்தை மதிப்பிட 1986-இல் ஸ்பெட்ஸ்லர், மார்ட்டின் ஆகிய இருவர் வகுத்த முறை இன்றும் வழக்கில் உள்ளது. முடிச்சின் அளவு, பேச்சு, அசைவு போன்ற முக்கியப் பகுதியில் அது இருக்கிறதா என்பது, சிரை ஆழத்தில் வடிகிறதா என்பது ஆகிய மூன்றுக்கும் புள்ளியிட்டு, ஒன்று முதல் ஐந்து வரை தரம் பிரிப்பார்கள். முதல் இரண்டு தரங்களுக்குப் பொதுவாக அறுவை, மூன்றாவதை ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்த்து முடிவு செய்வது, நான்கு, ஐந்து தரங்களைப் பெரும்பாலும் தொடாமல் விடுவது என்பது நடைமுறை. கசியாத முடிச்சுகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான அரூபா ஆய்வில், சிகிச்சை பெற்றவர்களைவிட மருந்தோடு மட்டும் இருந்தவர்களே அந்தக் காலகட்டத்தில் நன்றாக இருந்தார்கள். கண்காணித்த காலம் சராசரியாக மூன்று ஆண்டுக்கும் குறைவு என்பதால், இருபது வயதுக்காரருக்கு அது எவ்வளவு பொருந்தும் என்ற விவாதம் ஓயவில்லை. தங்கள் எம்.ஆர்.ஐ. அறிக்கையில் தரம் குறிப்பிடப்படாவிட்டால் மருத்துவரிடம் கேளுங்கள், அதன் பிறகே கதிரா, அறுவையா என்ற பேச்சுக்குப் பொருள் உண்டு.

கேள்வி: அறுவை நல்லபடியாக முடிந்தது என்றார்கள். பிறகும் என் அண்ணனைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்து, இரத்த அழுத்தத்தை இறக்கிக்கொண்டே இருக்கிறார்கள். மறுபடியும் ஆஞ்சியோ எடுக்கவேண்டுமாம். ஏன்? (மொரப்பூர் வாசகர்)

பதில்: முடிச்சை எடுத்த பிறகு, அதற்குப் போய்க்கொண்டிருந்த இரத்தம் சுற்றியுள்ள மூளைக்குத் திரும்புகிறது. பல ஆண்டுகளாகக் குறைந்த அழுத்தத்துக்குப் பழகிய குழாய்கள் அதைத் தாங்கப் பழகும்வரை, இரத்த அழுத்தம் உயர்ந்தால் வீக்கமோ கசிவோ வரலாம். அதற்காகவே முதல் சில நாள்கள் இந்தக் கட்டுப்பாடு. ஆஞ்சியோ எடுப்பது, முடிச்சின் சிறு பகுதி ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க. மிஞ்சியிருந்தால் அதுவே அறுவைக்குப் பிந்தைய கசிவுக்கு முக்கியக் காரணமாகலாம் என்பதால், பெரும்பாலும் திரும்பப் போய் அதையும் எடுத்துவிடுவார்கள். தங்கள் அண்ணனின் படுக்கையருகே கூட்டம் சேர்ந்து அவரை எழுப்பிப் பேசவைக்காதீர்கள். விழித்ததும் வலியாலோ பதற்றத்தாலோ ஏறும் அழுத்தத்தை இறக்கச் செவிலியர்கள் படும் பாடு பெரிது.